கிழக்கே பார்த்த மூணாறு

இமயத்துக்குத் தெற்கே இந்தியாவின் மிக உயரமான சிகரம் 2,695 மீட்டர் உயரமுள்ள ஆனைமுடி. அதற்குத் தெற்கே, கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில், மூன்று மலையாறுகள் கூடும் ஒடுங்கிய பள்ளத்தாக்கில் மூணாறு அமைந்திருக்கிறது. குண்டலை, நல்லதண்ணி, முதிரப்புழை என்று வழங்கும் அந்த ஆறுகள் ஊருக்குள்ளேயே ஒன்றோடொன்று கலந்து, முதிரப்புழை என்ற ஒரே பெயரோடு பள்ளிவாசல் பக்கமாக இறங்கிப் பெரியாற்றில் சேர்கின்றன. கேரள மாநிலத்தின் இடுக்கி மாவட்டத்தில் தேவிகுளம் வட்டத்துக்கு உட்பட்ட இவ்வூரின் கடைத்தெருவை நடந்தே சிறிது நேரத்தில் சுற்றி வந்துவிடலாம். சமதளம் என்று சொல்லத்தக்க இடம் ஆற்றங்கரைகளில் மட்டுமே உண்டு. அந்தக் கரைகளை விட்டு நகர்ந்தால் எல்லாப் பக்கமும் ஏற்றந்தான்.

இன்றைய பயணிகளில் பெரும்பாலோர் கொச்சி, ஆலுவாப் பக்கமிருந்து, அதாவது மேற்கிலிருந்து, மூணாற்றுக்கு ஏறி வருகின்றனர். ஆகையால் இவ்வூர் கேரளக் கடற்கரைச் சமவெளியின் மலைப்புற நீட்சி என்ற எண்ணம் எளிதில் உண்டாகிவிடுகிறது. வரலாறு காட்டும் படம் வேறு. தோட்ட நகரமாக உருவான தொடக்கக் காலத்தில் மூணாறு கிழக்கு நோக்கியே நின்றது. தேயிலை கிழக்கே இறங்கியது, அரிசியும் ஆட்களும் கிழக்கிலிருந்து ஏறினர், மலை விளிம்பின் அடியில் கிடந்த போடிநாயக்கனூரே அதன் வாசலாக இருந்தது. 1924ஆம் ஆண்டின் ஒரு வெள்ளமும் அதற்குப் பின் போடப்பட்ட ஒரு சாலையும் ஊரை மேற்கே திருப்பின. சரக்கு திரும்பிய வேகத்தில் மக்கள் திரும்பிவிடவில்லை என்பதிலிருந்தே இப்பள்ளத்தாக்கின் பிற்கால அரசியலையும் அதன் துயரங்கள் பலவற்றையும் விளங்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

மலையின் இரு சரிவுகள்

மூணாற்றைச் சுற்றியுள்ள உயர்மலைப் பகுதி, ஆங்கிலேயத் தோட்டக்காரர்கள் ‘ஹை ரேஞ்ச்’ என்று அழைத்த மேட்டுநிலம், மிகப் பழமையான நைஸ் பாறைகளால் ஆனது. நைஸ் என்பது பூமியின் ஆழத்தில் கடும் வெப்பத்துக்கும் அழுத்தத்துக்கும் ஆட்பட்டு உருமாறிய, வரிவரியான பட்டைகள் கொண்ட பாறை. நெடுங்காலம் மழையும் ஆறுகளும் அரித்ததில் இம்மேட்டின் உச்சி தட்டையும் அலைவடிவுமாகத் தேய்ந்துபோக, விளிம்புகள் மட்டும் செங்குத்தாக நின்றுவிட்டன. ஆனால் இரண்டு பக்க விளிம்புகளும் ஒரே மாதிரியானவை அல்ல. மேற்கே மலை படிப்படியாக, பள்ளிவாசல், அடிமாலி, நேரியமங்கலம் என்று அடர்காட்டின் ஊடே நெடுந்தூரம் தாழ்ந்து சென்ற பிறகே சமவெளியைத் தொடுகிறது. கிழக்கே சில கிலோமீட்டர் தொலைவுக்குள் ஆயிரம் மீட்டர் அளவுக்கு ஒரேயடியாகக் கீழே விழுந்துவிடுகிறது. மேற்குப் பாதை சாய்வு குறைந்தது, ஆனால் நீண்டது, ஆண்டில் பாதி நாள் மழையில் ஊறுவது. கிழக்குப் பாதை கடுமையானது, ஆனால் குட்டையானது, காய்ந்தது. கால்நடையாகவும் காளைமாட்டின் உதவியாலும் மலை ஏற வேண்டியிருந்த காலத்தில் இவ்விரண்டில் எதை மக்கள் தேர்ந்தெடுத்திருப்பார்கள் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

குண்டலைப் பள்ளத்தாக்கின் அமைப்பும் இதற்குத் துணையாக இருந்தது. குண்டலை ஆறு மேற்கு நோக்கி ஓடினாலும் அது பிறக்கும் இடம் கிழக்கு விளிம்பின் அருகிலேயே இருப்பதால், மூணாற்றிலிருந்து ஆற்றோரமாகவே எதிர்த்து நடந்தால் பெரிய மலை எதையும் கடக்காமல், சிறுகச் சிறுக ஏறி, கம்பம், தேனிச் சமவெளியை எட்டிப் பார்க்கும் மலைவிளிம்பில் போய் நிற்கலாம். பிற்காலத்தில் ரயில் பாதைக்குத் தடம் தேடிய பொறியாளர்களுக்கு ஆறே அதை முன்கூட்டி வகுத்து வைத்திருந்தது.

மழையிலும் இரு முகங்கள் உண்டு. தென்மேற்குப் பருவக்காற்று அரபிக்கடலிலிருந்து சுமந்துவரும் ஈரத்தில் பெரும் பங்கை மூணாற்றின் மேற்குச் சரிவுகளில் கொட்டிவிடுவதால், ஆனைமுடிக்கு வடகிழக்கே உள்ள மறையூர், சின்னாறு பகுதிகள் மழைமறைவு நிலங்களாக, அதாவது மலை காற்றை மறிப்பதால் மழை குன்றிய வறண்ட நிலங்களாக இருக்கின்றன. சின்னாற்றில் ஆண்டு மழை 500 மில்லிமீட்டர் அளவே. ஒரு மணி நேரப் பயணத்தில் தேயிலையின் ஈரப்பச்சையிலிருந்து சந்தன மரங்களுக்கும் முட்புதர்களுக்கும் போய்ச் சேர்ந்துவிட முடிகிற இடங்கள் இந்தியாவில் அதிகம் இல்லை. அப்பக்கத்து நீரும் கிழக்கு நோக்கியே ஓடுகிறது. ஆனைமுடிப் பகுதியில் தோன்றும் பாம்பாறு மறையூர் வழியே சென்று அமராவதியில் கலந்து, அதன் மூலம் காவிரிக்குப் போகிறது. ஆக ஒரே மலைத்தொகுதியின் மழை, விழும் பக்கத்தைப் பொறுத்து, அரபிக்கடலுக்கோ வங்கக்கடலுக்கோ பிரிந்து செல்கிறது.

தேயிலை வருவதற்கு முன் இம்மேட்டுநிலத்தை மூடியிருந்தவை சோலையும் புல்வெளியும் ஆகும். சோலை என்பது இங்கே பூங்காவைக் குறிப்பதன்று. மலை மடிப்புகளில் நீரோடைகளை ஒட்டி, குட்டையான மரங்கள் பாசி போர்த்திய கிளைகளோடு நெருங்கி வளரும் உயர்மலைக் காட்டுக்கு அது பெயர். காற்றும் பனியும் தாக்கும் திறந்த முகடுகளில் புல் மட்டுமே நின்றது. சனவரியில் பள்ளத்தாக்கின் அடியில் குளிர்காற்று தேங்கி உறைபனி விழும்போது மர நாற்றுகள் கருகிவிடுவது, சோலை புல்வெளிக்குள் பரவாமல் இருப்பதற்கு ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. இப்புல்வெளிகள்தாம் வரையாட்டின் வாழிடம்; 12 ஆண்டுகளுக்கு ஒரு முறை ஒருசேரப் பூத்து மடியும் நீலக்குறிஞ்சியின் நிலமும் இவையே. 2006இலும் 2018இலும் அது பூத்தது. கணக்குப்படி அடுத்த பருவம் 2030.

ஏக்கருக்கு மூன்றில் ஓர் அணா

இம்மலைகளின் பழங்குடிகளான முதுவர், தங்கள் முன்னோர் மதுரையிலிருந்து புறப்பட்டு மலையேறி வந்ததாகவும், பிள்ளைகளையும் தெய்வத்தையும் முதுகில் சுமந்து வந்ததாகவும் வழிவழியாகச் சொல்லி வருகின்றனர். மறையூர், காந்தளூர் முதலிய ஐந்து ஊர்களைக் கொண்ட அஞ்சுநாட்டின் விவசாயக் குடிகளுக்கும் மதுரைப் பக்கத்து வரவைச் சொல்லும் மரபு உண்டு. மலைகளுக்கே பெயராகிவிட்ட கண்ணன் தேவர் அப்பகுதித் தலைவர் ஒருவர் என்பர். இம்மலைகளுக்கு உரிமை கொண்டாடிய பூஞ்ஞாறு அரச குடும்பமும் தன்னைப் பாண்டிய மரபினதாகவே சொல்லிக்கொண்டது. இவை கல்வெட்டுபோல் உறுதியான சான்றுகள் அல்ல என்பது உண்மை. எனினும், ஒன்றோடொன்று தொடர்பற்ற மூன்று பிரிவினர் தங்கள் பூர்விகத்தைத் தேடும்போது ஒரே திசையை நோக்கிக் கை காட்டுவதைத் தற்செயல் என்று தள்ளிவிடுவது எளிதல்ல. மறையூரில் காணப்படும் முனியறைகள் எனப்படும் கற்பதுக்கைகள், பலகைக் கற்களை நிறுத்தி மேலே ஒரு கல்லால் மூடிய ஈமச்சின்னங்கள், இவர்கள் அனைவருக்கும் முற்பட்ட மனித நடமாட்டத்துக்குச் சாட்சி.

19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வார்டு, கானர் என்னும் இரு இராணுவ அதிகாரிகள் திருவிதாங்கூரையும் கொச்சியையும் அளந்து வரைபடம் எழுதியபோது இம்மலைகள் முதன்முறையாக ஆங்கிலேய ஏடுகளில் முறையாக இடம்பெற்றன. டக்ளஸ் ஹாமில்டன் என்ற ஆங்கிலேய அதிகாரி 1862இல் ஆனைமுடியின் உச்சியை அடைந்தார். பதிவாகியுள்ள முதல் ஏற்றம் அதுவே. முதுவர்கள் அதற்கு முன்னரே ஏறியிருப்பார்கள், ஆனால் அவர்கள் பதிவு செய்யவில்லை.

திருப்பம் 1877இல் வந்தது. திருவிதாங்கூரின் ஏலமலைப் பகுதிக்குக் கண்காணிப்பாளராக இருந்த ஜான் டேனியல் மன்றோ, அவ்வாண்டு பூஞ்ஞாறு அரசரிடமிருந்து கண்ணன் தேவர் மலைகளைக் குத்தகைக்குப் பெற்றார். பரப்பு ஏறத்தாழ 227 சதுர மைல். ஆண்டுக் குத்தகை 3,000 ரூபாய். ஏக்கர் கணக்கில் பிரித்துப் பார்த்தால் ஓர் ஏக்கருக்கு ஆண்டுக்கு ஓர் அணாவின் மூன்றில் ஒரு பங்கு. அரசருக்கு அது வருமானம் தராத காட்டுக்குக் கிடைத்த எதிர்பாராத பணம். மன்றோவுக்கு அது ஒரு தனி நாடு. திருவிதாங்கூர் அரசு மேலுரிமை பெற்ற அரசு என்ற முறையில் மறு ஆண்டு இதை ஏற்று உறுதிப்படுத்தியது. இந்தப் பேரம் நடந்தபோது அந்த 227 சதுர மைலுக்குள் குடியிருந்த முதுவர்களின் சம்மதம் எந்தப் பத்திரத்திலும் ஒரு பொருளாகக் கருதப்படவில்லை. பிற்கால வழக்குகள், சட்டங்கள், ஆணையங்கள் அனைத்தும் கம்பெனியின் உரிமையை அரசின் உரிமையோடு ஒப்பிட்டுச் சீர்தூக்கிய அளவுக்கு, இந்த மூன்றாவது தரப்பின் உரிமையை எடுத்துப் பேசவில்லை என்பதையும் இங்கேயே குறிப்பிட்டுவிடலாம்.

1879இல் மன்றோவும் டர்னர் சகோதரர்களும் வேறு சிலரும் கூடி வடதிருவிதாங்கூர் நிலத் தோட்ட விவசாயச் சங்கம் என்ற அமைப்பைத் தொடங்கினர். அவர்கள் முதலில் நட்டது காப்பியும் சிங்கோனாவும்; சிங்கோனா என்பது மலேரியாக் காய்ச்சலுக்கு மருந்தாகிய கொயினாவைத் தரும் பட்டை மரம். தேயிலை ஒரு பக்கச் சோதனையாகவே வந்தது. 1880இல் ஏ.எச். ஷார்ப் என்பவர் பார்வதி என்ற தோட்டத்தில், இன்றைய செவன்மலை எஸ்டேட்டின் ஒரு பகுதியில், சுமார் 50 ஏக்கரில் அதை நட்டார். காப்பியும் சிங்கோனாவும் கைவிட்ட இடத்தில் தேயிலை நிலைத்தது. 1895இல் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ஃபின்லே மியூர் நிறுவனம் உள்ளே வந்து சிறு தோட்டங்களை ஒவ்வொன்றாக வாங்கிச் சேர்க்க, 1897இல் கண்ணன் தேவன் ஹில்ஸ் புரொடியூஸ் கம்பெனி உருவாயிற்று. அதன்பின் மூணாற்றில் ‘கம்பெனி’ என்று மொட்டையாகச் சொன்னாலே போதும் என்ற நிலை ஏற்பட்டது. சாலை, மருத்துவமனை, கடைத்தெரு என்று ஊரின் உறுப்புகள் பெரும்பாலும் கம்பெனியின் நிலத்தில், கம்பெனியின் தேவைக்காக எழுந்தவை. குன்றின் மேலுள்ள ஆங்கிலேயர் தேவாலயம் 1910, 1911ஆம் ஆண்டுகளில் கட்டப்பட்டது. அதன் மேற்புறத்துக் கல்லறைத் தோட்டமோ அதைவிடப் பழையது. 1894இல் காலராவில் இறந்த ஓர் இளம் ஆங்கிலப் பெண்ணின் கல்லறை அங்கே முதலாவது. மலேரியாவிலும் குளிரிலும் இறந்த தொழிலாளர்களின் புதைகுழிகளுக்குப் பெயர்ப் பலகை கிடையாது.

கங்காணியும் கம்பி வழியும்

தேயிலை ஆட்களைத் தின்னும் பயிர். காட்டை அழிக்க, குழி வெட்ட, நடவு செய்ய, ஆண்டு முழுவதும் கொழுந்தெடுக்க, ஆலையில் இலையை வாட்டி உருட்டிப் புளிக்கவைத்து உலர்த்த, ஆயிரக்கணக்கான கைகள் தேவைப்பட்டன. முதுவர்கள் தோட்டக் கூலிக்கு வரவில்லை. ஆகவே கிழக்கே மதுரை, இராமநாதபுரம், திருநெல்வேலி மாவட்டங்களின் வறண்ட கிராமங்களிலிருந்து, பெரும்பாலும் நிலமற்ற ஒடுக்கப்பட்ட சாதியினர் அழைத்துவரப்பட்டனர். அழைத்துவந்தவர் கங்காணி. அவர் தம் ஊரிலும் சுற்றுப்புறத்திலும் முன்பணம் கொடுத்து ஆள் சேர்த்து, மலையில் அவர்களை வேலை வாங்கி, அவர்கள் கூலியில் தமக்கும் ஒரு பங்கு பெற்றுக்கொள்ளும் இடைத்தரகராக இருந்தார். வாங்கிய முன்பணமே தொழிலாளியைத் தோட்டத்தோடு கட்டிப்போட்டது. இலங்கையின் மலையகத்துக்கும் மலேயாவுக்கும் தமிழர்களைக் கொண்டுசென்ற அதே ஏற்பாடுதான் இதுவும். கடலுக்குப் பதில் ஒரு மலைவிளிம்பைக் கடந்தார்கள் என்பது ஒன்றே வேறுபாடு.

தங்க வைக்கப்பட்ட இடம் லயம். ஒரே கூரையின்கீழ் ஒட்டிக்கட்டிய வீடுகளின் வரிசை. ஒவ்வொரு குடும்பத்துக்கும் முன்பக்கம் ஒரு சிறு திண்ணை, ஓர் அறை, பின்பக்கம் புகை சூழ்ந்த ஓர் அடுப்படி. இரு குடும்பங்களுக்கு இடையே ஒரே சுவர் என்பதால் ஒரு வீட்டின் பேச்சு மறு வீட்டின் காதில் விழும். தகரக் கூரையின்மேல் ஆனி, ஆடி மழை விழுகையில் அந்தப் பேச்சும் கேட்காது. லயத்தின் முன் ஒரு வாசல், கொஞ்சம் தள்ளி மாரியம்மனுக்கோ காளியம்மனுக்கோ ஒரு கோயில் அல்லது ஒரு சிறு தேவாலயம், குழந்தைகளுக்கு ஒரு தமிழ்ப் பள்ளி என்று, விட்டுவந்த கிராமத்தின் ஒரு சுருங்கிய பதிப்பை அவர்கள் தேயிலைச் சரிவுகளுக்கு நடுவே அமைத்துக்கொண்டனர்.

ஆட்கள் ஏறிய வழியே தேயிலை இறங்கியது. 1902இல் மூணாற்றிலிருந்து குண்டலைப் பள்ளத்தாக்கு வழியாக மலைவிளிம்பு வரை கம்பெனி ஓர் ஒற்றைத் தண்டவாளப் பாதை போட்டது. ஈவிங் முறை எனப்பட்ட இந்த ஏற்பாட்டில் வண்டியின் எடையில் பெரும் பகுதியை ஒரே தண்டவாளத்தில் ஓடும் சிறு சக்கரங்கள் தாங்கிக்கொள்ள, பக்கவாட்டில் நீட்டிய ஒரு பெரிய சக்கரம் சாலையின் மேல் உருண்டு வண்டி சாய்ந்துவிடாமல் காத்தது. இழுத்தவை காளைகள். 1908இல் இது அகற்றப்பட்டு, இரண்டடி அகலமுள்ள இரட்டைத் தண்டவாளங்களின் மேல் சிறு நீராவி எஞ்சின்கள் ஓடும் குண்டலைப் பள்ளத்தாக்கு ரயில் பாதை வந்தது. மூணாறு, மாட்டுப்பட்டி, பாலார் ஆகிய நிலையங்களைக் கடந்து அது போய் நின்ற இடம் ‘டாப் ஸ்டேஷன்’; ரயில் மறைந்து ஒரு நூற்றாண்டு ஆன பின்னும் அவ்விடத்துக்கு அதே பெயர்தான். அங்கிருந்து தேயிலைப் பெட்டிகள் கம்பி வழியில், அதாவது கோபுரங்களுக்கிடையே இழுத்துக் கட்டிய இரும்பு வடத்தில் தொங்கியபடி, ஐந்து கிலோமீட்டர் கீழே கொட்டகுடிக்கு இறங்கின. மேலே ‘டாப்’ என்றால் கீழே ‘பாட்டம்’ இருக்க வேண்டுமல்லவா. கொட்டகுடிக்குப் ‘பாட்டம் ஸ்டேஷன்’ என்ற பெயரும் வழங்கியது. அதன்பின் மாட்டுவண்டி சுமார் 15 கிலோமீட்டர் ஓடிப் போடிநாயக்கனூரை அடையும்; அங்கிருந்து மேலும் கிழக்கே, பிறகு கப்பல், முடிவில் இலண்டன். திரும்பி வந்த கம்பியில் அரிசியும் மளிகையும் ஏறின. டாப் ஸ்டேஷன் இன்று தமிழ்நாட்டின் தேனி மாவட்ட எல்லைக்குள் இருப்பது பயணிகள் பலருக்கு வியப்பளிக்கிறது. மலையின் நீர்பிரி முகட்டை ஒட்டியே எல்லை ஓடுவதை நினைத்தால் அதில் வியப்புக்கு இடமில்லை.

தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு வெள்ளம்

1924 ஜூலையில், கொல்லம் ஆண்டு 1099 கர்க்கடக மாதத்தில், கேரளம் முழுவதையும் மூழ்கடித்த மழை ஏறத்தாழ மூன்று வாரங்கள் நீடித்தது. மலையாளிகள் இன்றும் அதைத் ‘தொண்ணூற்றொன்பதின் வெள்ளம்’ என்றே சொல்கின்றனர். சமவெளியில் அது மெல்ல உயர்ந்த நீர். மூணாற்றில் அது அவ்வாறு வரவில்லை. மாட்டுப்பட்டி அருகே மலைச்சரிவுகள் இடிந்து குண்டலை ஆற்றை அடைத்துக்கொண்டதால் நீர் தேங்கி ஓர் ஏரி உருவானது. மண்ணும் மரமும் குவிந்த அந்தத் தற்செயல் அணை நீரின் எடை தாங்காமல் உடைந்தபோது, தேங்கியதெல்லாம் ஒரே வீச்சில் பள்ளத்தாக்கு வழியே மூணாற்றின் மேல் இறங்கியது. கடைத்தெரு போயிற்று, பாலங்கள் போயின. ஆற்றோரமாகவே போடப்பட்டிருந்த ரயில் பாதையும் சிதைந்தது. பாதைக்கு எளிய தடம் தந்த அதே ஆறுதான் அதை எடுத்துக்கொண்டும் போனது.

ரயில் பாதை மீண்டும் போடப்படவில்லை. அழிந்தது கிழக்கு வழி மட்டுமன்று. பூயங்குட்டி, மாங்குளம் வழியாக ஆலுவாவையும் மூணாற்றையும் இணைத்திருந்த பழைய மேற்குச் சாலையும் கரிந்திரி மலை இடிந்து விழுந்ததில் பயனற்றுப்போனது. ஆக, இரு கதவுகளும் ஒரே மாதத்தில் மூடிக்கொண்ட ஊருக்கு எந்தக் கதவை முதலில் திறப்பது என்ற கேள்வி எழுந்தது. திருவிதாங்கூர் அரசு நேரியமங்கலம், அடிமாலி வழியே புதிய மேற்குச் சாலையை அமைத்தது. 1931இல் மகாராணி சேது லட்சுமி பாய் அதைத் திறந்துவைத்தார். 1935இல் நேரியமங்கலத்தில் பெரியாற்றின் குறுக்கே வளைவுப் பாலம் எழுந்ததும் கொச்சித் துறைமுகத்துக்கு லாரி தங்குதடையின்றிப் போக வழி பிறந்தது. வரலாற்றின் குறும்பு ஒன்றும் இதில் உண்டு: மதுரையிலிருந்து போடிக்கு மீட்டர் கேஜ் ரயில் வந்து சேர்ந்தது 1928இல், அதாவது அதைக் கொண்டு மிகப் பெரிய பயன் அடைந்திருக்கக்கூடிய மலை ரயில் அழிந்து நான்கு ஆண்டுகள் கழித்து.

மேற்கே திரும்பியதை மின்சாரம் உறுதிப்படுத்தியது. முதிரப்புழையின் வீழ்ச்சியைப் பயன்படுத்தி 1940இல் இயங்கத் தொடங்கிய பள்ளிவாசல், கேரளத்தின் முதல் நீர்மின் திட்டம். அதற்கு ஆண்டு முழுவதும் நீர் தருவதற்காகக் குண்டலையிலும் மாட்டுப்பட்டியிலும் பின்னர் அணைகள் எழுந்தன. பள்ளத்தாக்கின் தேயிலையோடு அதன் தண்ணீரும் மேற்குச் சமவெளியின் பொருளாதாரத்தில் இணைக்கப்பட்டுவிட்டது.

எல்லைக் கோடு

1950களில் மொழிவழி மாநிலங்கள் அமைக்கப்பட்டபோது இந்த இரு திசை இழுப்பு வெளிப்படையான அரசியலாயிற்று. தேவிகுளம், பீர்மேடு வட்டங்களில் தமிழர் பெரும்பான்மையாக இருந்ததால் அவற்றைத் தமிழ்நாட்டோடு சேர்க்க வேண்டும் என்று திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் போராடியது. 1954 ஜூலையில் அதன் தலைவர்களான மார்ஷல் நேசமணி முதலானோர் தேவிகுளத்துக்கு வந்து தடையை மீறிக் கைதாயினர். ஃபசல் அலி தலைமையிலான மாநிலச் சீரமைப்பு ஆணையம் தெற்கே உள்ள கன்னியாகுமரிப் பகுதி வட்டங்களைத் தமிழ்நாட்டுக்குத் தரப் பரிந்துரைத்தது. தேவிகுளத்தையும் பீர்மேட்டையும் தரவில்லை. மலைத் தோட்டங்களும் நீர்மின் திட்டமும் கேரளத்துக்கு எவ்வளவு இன்றியமையாதவை என்பது ஒரு வாதம். தமிழ்த் தொழிலாளர்கள் வந்துபோகும் மக்கள், நிலைக்குடிகள் அல்லர் என்பது மற்றொன்று. முதல் வாதத்தில் பொருள் உண்டு. இரண்டாவதோ, தலைமுறைகளாகக் குடியிருந்தும் ஒரு சென்ட் நிலமும் கிடைக்காதவர்களின் நிலமின்மையையே அவர்களுக்கு எதிரான சான்றாக்கியது. 1956 நவம்பர் 1 அன்று மூணாறு கேரளத்தில் நிலைபெற்றது.

அதனால் தமிழ் அங்கிருந்து அகலவில்லை. 1957இல் தேவிகுளத்தில் வென்ற கம்யூனிஸ்ட் வேட்பாளர் ரோசம்மா புன்னூசின் தேர்தல் செல்லாததாகி 1958இல் இடைத்தேர்தல் வந்தபோது, பண்ணைப்புரத்திலிருந்து பாவலர் வரதராஜன், இளையராஜாவின் அண்ணன், மலையேறி வந்து தமிழ்ப் பாட்டுகளால் தோட்டத் தொழிலாளர்களிடையே பிரசாரம் செய்தார். ரோசம்மா மீண்டும் வென்றார். 2021இல் தேவிகுளத்தின் சட்டமன்ற உறுப்பினர் கேரளச் சட்டமன்றத்தில் தமிழிலேயே உறுதிமொழி எடுத்துக்கொண்டார். இன்று ஊரின் குறுக்கே ஓடும் கொச்சி–தனுஷ்கோடி தேசிய நெடுஞ்சாலை, அடிமாலியிலிருந்து ஏறி, தேவிகுளம், பூப்பாறை, போடிமெட்டு வழியே கிழக்கே இறங்குகிறது. திருமணச் சேலைக்கும் பெண் பார்க்கவும் தோட்டக் குடும்பங்கள் போடிக்கும் தேனிக்கும் போகும் பாதை அதுவே.

யாருடைய நிலம்

நிலத்தின் உரிமைக் கேள்வி 1971இல் மீண்டும் எழுந்தது. கண்ணன் தேவன் மலைகள் நிலமீட்புச் சட்டத்தின்மூலம் கேரள அரசு, பழைய பூஞ்ஞாறு குத்தகைக்கு உட்பட்ட நிலத்தை மீட்டுக்கொண்டது. தேயிலைக்கும் அதன் துணைத் தேவைகளுக்கும் இன்றியமையாதது என்று கருதப்பட்ட ஏறத்தாழ 57,000 ஏக்கரைக் கம்பெனி வைத்துக்கொள்ள 1974இல் நில வாரியம் அனுமதித்தது. சுமார் 70,000 ஏக்கர் அரசின் கைக்கு வந்தது. இதன் மிகச் சிறந்த விளைவு இரவிகுளம். தோட்டத் துரைமார்களின் வேட்டை நிலமாக இருந்த அந்தப் புல்வெளி மேடு 1975இல் சரணாலயமாகவும் 1978இல் தேசியப் பூங்காவாகவும் ஆனது. வரையாடு உலகிலேயே மிகச் செறிந்து வாழும் இடங்களுள் ஒன்று அது. மீட்ட நிலத்தில் மீதியின் கதை அவ்வளவு மகிழ்ச்சியானதல்ல. பட்டா மோசடிகள், சரிவுகளில் முளைத்த விடுதிகள், 2007இல் வி.எஸ். அச்சுதானந்தன் அரசு தொடங்கி இடையில் நின்றுபோன கட்டட இடிப்பு நடவடிக்கை என்று அது நீண்டது.

கம்பெனியும் கை மாறியது. 1964இல் டாட்டா குழுமம் ஃபின்லேவோடு கூட்டுச் சேர்ந்தது. 1983இல் அது முழுமையாக டாட்டா டீ ஆனது. 2005இல் டாட்டா தோட்ட நிர்வாகத்திலிருந்து பெருமளவு விலக, தொழிலாளர்களும் ஊழியர்களும் பங்குதாரர்களாக உள்ள கண்ணன் தேவன் ஹில்ஸ் பிளாண்டேஷன்ஸ் கம்பெனி அமைந்தது. காகிதத்தில் பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் தோட்டத்தின் பங்காளிகள். லயத்து வாழ்க்கையின் விதியோ மாறவில்லை. வேலையிலிருந்து ஓய்வு பெற்றால் வீட்டைக் காலி செய்ய வேண்டும். பிள்ளைகளில் ஒருவராவது தோட்ட வேலையில் சேர்ந்தால்தான் அங்கே தங்க முடியும்.

2015 செப்டம்பரில், ஊக்கத்தொகை 20 விழுக்காட்டிலிருந்து 10 ஆகக் குறைக்கப்பட்டதும், கொழுந்தெடுக்கும் பெண்கள் தொழிற்சங்கத் தலைவர்களை அருகே வரவிடாமல் தாங்களாகவே திரண்டு, மூணாற்று நடுத்தெருவில் நெடுஞ்சாலையை மறித்து உட்கார்ந்தனர். அவர்கள் கூலி அப்போது நாளொன்றுக்கு 232 ரூபாய், கேட்டது 500. பெம்பிளை ஒருமை, அதாவது பெண்களின் ஒற்றுமை, என்று பெயர் பெற்ற அப்போராட்டம் ஒன்பது நாளில் 20 விழுக்காட்டைப் பெற்றுக்கொண்டு முடிந்தது. கூலி பின்னர் 301 ரூபாயாக உயர்ந்தது. தொழிலாளர்களின் பெயரில் பேசிவந்த சங்கங்கள் அனைத்தும் ஆண்களின் தலைமையில் இருந்ததை அந்த ஒன்பது நாள்கள் வெட்டவெளிச்சமாக்கின. நிலம் என்ற கோரிக்கை மட்டும் அப்போதும் மேசைக்கு வராமலே போனது.

2020 ஆகஸ்ட் 6 இரவு, ஆனைமுடியின் அடிவாரத்தில் இராஜமலைப் பக்கத்துப் பெட்டிமுடியில் மலைச்சரிவு இடிந்து நான்கு லயங்களின் மேல் விழுந்தது. மின்சாரமும் கைப்பேசித் தொடர்பும் அற்றிருந்ததால் வெளியுலகுக்குச் செய்தி மறுநாள் காலையில்தான் எட்டியது. வழியில் பெரியவரையில் இருந்த தற்காலிகப் பாலம் ஏற்கெனவே அடித்துச் செல்லப்பட்டிருந்ததால் மீட்புக் குழுவினரும் தாமதமாகவே போய்ச் சேர முடிந்தது. இறந்தோர் 70 பேர். அவர்களுள் நால்வரின் உடல் கிடைக்கவே இல்லை. பலரின் பூர்விகம் தூத்துக்குடி மாவட்டத்தின் கயத்தாறு. செய்தி கேட்டு அங்கிருந்து புறப்பட்ட உறவினர்கள் ஏறி வந்ததும் கிழக்கு வழியாகத்தான். பிழைத்தவர்களுள் எட்டுக் குடும்பங்களுக்கு அரசு குற்றியாறு பள்ளத்தாக்கில் நிலம் ஒதுக்க, கம்பெனி அதில் வீடு கட்டித் தந்தது. 2021இல் சாவிகள் கொடுக்கப்பட்டன. வேலையோடு கட்டப்படாத, ஓய்வு பெற்றாலும் காலி செய்ய வேண்டாத வீடுகள் அவை. மற்றக் குடும்பங்கள் லயங்களுக்கே திரும்பின.